பொள்ளாச்சிக்கு ஏன் போனோம்

லொகேஷன் பார்க்கப் போகிற காரில் இயக்குநர், கேமராமேன், ஆர்ட் டைரக்டர், மேனேஜர் என்று நான்கு பேர் இருப்போம். மூன்று பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார்கள். மேனேஜர் மட்டும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக்கொண்டு வருவான். தயாரிப்பு நிர்வாகியாக என் காலம் பெரும்பாலும் அந்தக் கல்லைப் பார்த்தே போனது. சினிமாக்காரர்கள் ஏன் ஓர் ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள், இன்னோர் ஊரை ஏன் ஒரு பாட்டோடு விட்டுவிடுகிறார்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் தூரத்தைப் பற்றித்தான் பேசுவேன்.

அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அழகான இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓர் அவுட்டோர் யூனிட் என்றால் நூறு பேருக்கு மேல். அத்தனை பேருக்கும் பேட்டா, சாப்பாடு, படுக்கை, வண்டி. ஜெனரேட்டருக்கு டீசல். நடிகர்களின் கால்ஷீட். ஷாட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தச் செலவு ஓடிக்கொண்டேதான் இருக்கும். காலையில் வீட்டுத் திண்ணையில் ஒரு சீனை முடித்துவிட்டு மதியம் வயலுக்கு மாற வேண்டும் என்றால், லைட், ஸ்டாண்டு, கேபிள், டிராலித் தண்டவாளம் எல்லாவற்றையும் கழற்றி, ஏற்றி, இறக்கி, மறுபடி பூட்ட வேண்டும். அந்த ஷிஃப்டிங் முக்கால் மணி நேரத்தில் முடிந்தால் அன்றைக்கு இன்னொரு சீன் கையில் இருக்கிறது. இரண்டரை மணி நேரம் இழுத்தால் வெயில் சாய்ந்துவிடும், டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தயாரிப்பாளர் கணக்கில் அழகு என்பது இப்படித்தான் விலையாகும்.

இந்தக் கணக்குக்குப் பொருந்தி வந்த ஊர் பொள்ளாச்சி. பெரிய முற்றம் வைத்த பழைய வீடு வேண்டுமா? சிங்காநல்லூர், சமத்தூர், ஊத்துக்குளிப் பக்கம் இருக்கிறது. தென்னந்தோப்பு எந்தத் திசையில் போனாலும் உண்டு. ஆறு, மதகு, அணைக்கட்டுக்கு ஆழியாறு. அருவி, கோயில் என்றால் உடுமலை தாண்டித் திருமூர்த்தி மலை. கூட்டம் சேர்ந்த சந்தை வேண்டும் என்றால் ஊருக்குள்ளேயே மாட்டுச் சந்தை. எங்கே கேமராவை வைத்தாலும் பின்னால் ஆனைமலைத் தொடர் தானாக வந்து நிற்கும். கொஞ்சம் மேற்கே போனால் கேரள எல்லை; ஓட்டு வீடும் நெல் வயலும் வேறு மாதிரி ஆகிவிடும். இவ்வளவும் ஒரு மணி நேர வட்டத்துக்குள். காலையில் ஜமீன் வீடு, மதியம் சந்தை, சாயங்காலம் ஆற்றங்கரை என்று மூன்றையும் ஒரே நாளில் எடுத்திருக்கிறோம். அதற்குமேல் ஒரு காரணம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: பீளமேட்டு விமான நிலையம். ஹீரோ சென்னையில் இன்னொரு படத்தை இரவு முடித்துவிட்டுக் காலை விமானத்தில் வந்தால், பத்து மணிக்கெல்லாம் மேக்கப் போட்டு உட்கார வைத்துவிடலாம். பெரிய நடிகர்களின் தேதி துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். விமானம் இறங்கும் ஊர் பக்கத்தில் இல்லாத எத்தனையோ நல்ல கிராமங்கள் இந்த ஒரு காரணத்தாலேயே சினிமாவுக்குள் வராமல் போயின.

நான் வேலைக்கு வந்தபோது மூத்த மேனேஜர்கள் ஃப்ளோர் காலத்துக் கதைகளைச் சொல்வார்கள். வாகினி, ஏவி.எம். ஃப்ளோரிலேயே கிராமத்தைக் கட்டி, வானத்தைத் திரையில் வரைந்து எடுத்த காலம். கேமரா கனம், லைட் கனம். எல்லாவற்றுக்கும் மேலாக, வசனத்தை அங்கேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தெருவில் வைத்து எடுத்தால் காக்கா கத்தும், பஸ் போகும். கையில் தூக்கக்கூடிய ஆரிஃப்ளெக்ஸ் கேமரா வந்து, வசனத்தைப் பிறகு டப்பிங் தியேட்டரில் பேசிக்கொள்ளலாம் என்ற வழக்கமும் வந்த பிறகுதான் யூனிட் கதவைத் திறந்துகொண்டு வெளியே போக முடிந்தது. 1977இல் ‘16 வயதினிலே’ வந்து ஓடிய பிறகு ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் நிஜக் கிராமம் தேவைப்பட்டது. கோபிசெட்டிபாளையம் பக்கம் வண்டி வண்டியாகப் போனார்கள். 1983இல் ‘முந்தானை முடிச்சு’ பார்த்தவர்களுக்கு அந்த வாய்க்கால் கரைகள் நினைவிருக்கும்.

கோவை மண்ணுக்குச் சினிமா புதிதில்லை. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இருந்த ஊர். 1954இல் ‘மலைக்கள்ளன்’ எடுத்தது பட்சிராஜாதான். ஆனால் அதெல்லாம் நாலு சுவருக்குள் நடந்த சினிமா. பொள்ளாச்சிக்குச் சினிமா வந்தது திறந்த வெளியைத் தேடித்தான்.

1992 பொங்கலுக்கு ‘சின்ன கவுண்டர்’, அதே வருடம் தீபாவளிக்குத் ‘தேவர் மகன்’, 1993இல் ‘எஜமான்’. இந்த மூன்றுக்கும் பிறகு கோடம்பாக்கத்தில் கதை விவாதத்தில் ‘கிராமம்’ என்ற சொல் வந்தாலே மேனேஜரின் கை பொள்ளாச்சிக்கு டிரங்க் கால் போடப் போய்விடும். இதில் ‘தேவர் மகன்’ என்னை இன்றைக்கும் யோசிக்க வைக்கிற படம். கதை தென் மாவட்டத்துக் கதை. மனிதர்கள், பேச்சு, கோபம் எல்லாம் அந்த மண். எடுத்தது கொங்கு நாட்டில். பார்த்தவர்கள் யாரும் தென்னை மரத்தைப் பார்த்துச் சந்தேகப்படவில்லை. தூவலூர் தங்களுக்குத் தெரிந்த ஊர் என்றே நம்பினார்கள். நல்ல லொகேஷன் தன் பெயரைச் சொல்லாது. நாங்களும் சொல்ல விடமாட்டோம். ‘பொள்ளாச்சி’ என்று எழுதியிருக்கிற கடைப் பலகை, பஸ் பலகை, சுவர் விளம்பரம் எல்லாவற்றையும் ஆர்ட் டிபார்ட்மெண்ட் பையன்கள் ஷாட்டுக்கு முன்பே மறைத்துவிட்டு வருவார்கள். பிறகு பிரியதர்ஷன் அதே கதையை ‘விராசத்’ என்று இந்தியில் எடுத்தபோதும் யூனிட் பொள்ளாச்சிக்குத்தான் வந்தது. வடக்கே இருக்கிற ரசிகனுக்கு அது வடக்கத்திக் கிராமம். மலையாளத்தில் அவருடைய ‘தேன்மாவின் கொம்பத்து’ படத்துக்கும் இதே மண்தான், அதற்குத்தான் கே.வி. ஆனந்துக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது.

ஏன் இத்தனை ஊர்களாக இந்த ஒரே ஊரால் மாற முடிந்தது? கேமராமேன்களிடம் கேட்டால் பாலக்காட்டுக் கணவாயைக் காட்டுவார்கள். மேற்கு மலை ஓரிடத்தில் வழிவிட்டு நிற்கிறது. அந்த வாசல் வழியாகக் காற்றும் மேகமும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். தென் மாவட்டங்களில் பதினொரு மணிக்கு மேல் வெயில் உச்சந்தலையில் இறங்கி, நடிகர் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். நான்கு மணி வரை குளோஸ்அப் எடுக்கவே யோசிப்பார்கள். இங்கே மெல்லிய மேகம் மறைத்து வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்கும். ஆனால் அதே மேகம் ஜூன், ஜூலையில் உயிரை எடுக்கும். ஒரு வசனம் வெயிலில், பதில் வசனம் மூட்டத்தில் என்றால் எடிட்டிங் டேபிளில் ஒட்டாது. ‘வெயில் வருது, ரெடி’ என்று கேமராமேன் கறுப்புக் கண்ணாடித் துண்டு வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யூனிட் முழுக்கப் பேச்சு நின்றுவிடும். வெயில் வந்து கேமரா ஓடத் தொடங்கி, வசனம் பாதியில் இருக்கும்போது போய்விடும். ஆகவே பொங்கல் முடிந்த கையோடு ஷெட்யூல் போடுவதே என் பழக்கம். மழையும் இருக்காது, பச்சையும் வாடியிருக்காது.

அந்தப் பச்சைக்குக் காரணம் மழை மட்டும் இல்லை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து வாய்க்கால். பி.ஏ.பி. என்று சொன்னால்தான் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பாசன நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். வெளியூர் மேனேஜர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் வருவார்கள். ஒரு படத்துக்குச் சோளக்காடு ஒன்றைப் பார்த்து வைத்து, இயக்குநரும் மனதில் அதையே வைத்துக் காட்சி எழுதிக்கொண்டிருந்தார். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க தம்பி, எப்பங்க படம் புடிக்க வர்றீங்க?”

“மாசிக் கடைசியிலங்கய்யா.”

“அப்ப இங்க வராதீங்க. இந்த மண்டலத்துக்கு மொறை முடிஞ்சு போயிருமுங்க. காடு காஞ்சு கெடக்கும். அந்த ரோட்டுக்கு அந்தாண்ட பாருங்க, அவங்களுக்குத்தான் அப்பத் தண்ணி.”

அவர் காட்டிய பக்கத்துக் காட்டைப் போய்ப் பார்த்தோம், அங்கேயே எடுத்தோம். அதற்குப் பிறகு லொகேஷன் பார்க்கிற போதெல்லாம் எந்த மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் நான் ஊர் திரும்பியதில்லை.

வீடு கிடைப்பது தனிக் கலை. வாடகை பேசுவது அதில் சின்னப் பகுதி. பெரிய வீட்டுக்காரர்கள் அந்தக் காலத்தில் பணத்துக்காகக் கொடுக்கவில்லை. கேட்கிற விதத்துக்குக் கொடுத்தார்கள். செருப்பு எங்கே கழற்றுவோம், பூஜையறைப் பக்கம் கேபிள் போகுமா, யூனிட்டில் அசைவம் சமைத்தால் எங்கே சமைப்போம், எல்லாம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இதில் கடினமானது சாவு சீன். ஊர்ப் பெரியவர் படத்தில் இறந்து போவார். முற்றத்தில் கிடத்த வேண்டும், பெண்கள் மாரடித்து அழ வேண்டும், சங்கு ஊத வேண்டும். வாழ்கிற வீட்டில் அதை நடத்த யார் சம்மதிப்பார்கள்? ஒரு வீட்டில் அந்த வீட்டு ஆத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கண்ணு, கல்யாணம் எடு, சீமந்தம் எடு, சண்டைகூட எடுத்துக்கோ. எளவு மட்டும் என்ற வாசல்ல வேண்டாம் சாமி” என்றார். இயக்குநரிடம் போய் நான் சொன்னது ஒன்றுதான்: அந்த அம்மா சொல்வது நியாயம். ஆர்ட் டைரக்டர் அந்த முற்றத்துத் தூண் இரண்டையும் சுவரில் ஒரு பகுதியையும் அளவெடுத்து, காலியாகக் கிடந்த ஒரு தேங்காய் களத்தில் அப்படியே போட்டுக் கொடுத்தார். வைட் ஷாட்டில் நிஜ வாசலில் கூட்டம் மட்டும் உள்ளே போகும். உடல் இருக்கிற ஷாட் எல்லாம் களத்தில். திரையில் வித்தியாசம் தெரியாது. செலவு கூடத்தான் ஆனது. ஆனால் அடுத்த படத்துக்கும் அதற்கடுத்த படத்துக்கும் அந்த வீட்டுக் கதவு எங்களுக்குத் திறந்தது. இன்னொரு கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் அப்படி ஒரு சீனை எடுத்துவிட்டுப் போன வீடு ஒன்று உண்டு. அங்கே பிறகு எந்த யூனிட்டையும் படியேற விடவில்லை.

இப்படிப் பழகிப் பழகித்தான் அந்த ஊரில் ஒரு தொழிலே வளர்ந்தது. காலை ஐந்து மணிக்கு நூற்றைம்பது பேருக்கு இட்லி வேக வேண்டும் என்றால் அதிசயமாகப் பார்க்காத மெஸ்கள் உண்டாயின. மாட்டு வண்டி, பழைய அம்பாசிடர், பித்தளை அண்டா எது வேண்டும் என்றாலும் யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்கிற லோக்கல் மேனேஜர்கள் வந்தார்கள். கூட்டத்துக்கு நிற்க வந்த ஊர்க்காரர்கள் கேமராவைப் பார்க்காமல் நடக்கக் கற்றுக்கொண்டார்கள். புதிய ஊரில் இதைச் சொல்லிக் கொடுக்கவே அரை நாள் போகும். சாயங்காலம் பேக்அப் ஆனதும் எடுத்த நெகட்டிவ் டப்பாக்களைத் துணியில் கட்டி, ஒரு பையனிடம் கொடுத்துக் கோவையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏற்றிவிடுவோம். விடிந்தால் சென்னை லேபில் இருக்கும். ‘நெகட்டிவ் நல்லா இருக்கு’ என்று லேபிலிருந்து போன் வரும்வரை அந்த செட்டைப் பிரிக்க மாட்டோம். இரவு ரயில் இல்லாத ஊருக்குப் போயிருந்தால் செட்டை இன்னும் இரண்டு நாள் காவல் காக்க வேண்டியிருக்கும்.

பக்கத்திலேயே வால்பாறை இருந்தும் ஏன் அதிகம் போகவில்லை என்று கேட்பார்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஜெனரேட்டர் வண்டியை அதில் ஏற்றி இறக்குவதற்குள் ஒரு பகல் முடியும். பாட்டு என்றால் போவோம்; வசனக் காட்சிக்குப் போக மாட்டோம்.

ஊர் ஊராக வேஷம் கட்டும் இந்த வேலை பொள்ளாச்சியோடு நின்றதில்லை. 1992இல் ‘ரோஜா’வில் காஷ்மீராகப் பார்த்ததில் பெரும்பகுதி குன்னூர், ஊட்டி, மணாலி. காஷ்மீரில் அப்போது யூனிட் கால் வைக்க முடியாத நிலைமை. தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம் அந்தப் படத்தில்தான் பலருக்கும் அறிமுகம். செட்டிநாட்டு வீடுகளுக்காகக் காரைக்குடி போனோம். 2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ வந்த பிறகு ஆத்தங்குடித் தரையும் பர்மா தேக்குத் தூணும் கேட்காத கதையே இல்லை. ஆனால் காரைக்குடி வீட்டுக்கு மட்டும்தான். சுற்றி மலை இல்லை, ஆறு இல்லை. வெளிக்காட்சிக்கு வேறு ஊர் தேட வேண்டும்.

2004இல் ‘காதல்’, 2007இல் ‘பருத்திவீரன்’, 2008இல் ‘சுப்ரமணியபுரம்’ என்று வந்தபோது எங்கள் கணக்கையே மாற்றிப் போட்டார்கள். அந்த இயக்குநர்களுக்கு ‘கிராமம் மாதிரி ஓர் இடம்’ வேண்டாம். மதுரைக் கதைக்கு மதுரைப் பக்கத்துப் புழுதியே வேண்டும், கறுப்பு விழுகிற அந்த உச்சி வெயிலே வேண்டும். தேர்ந்த நடிகர்களை விட்டுவிட்டு அந்தத் தெரு மனிதர்களையே நிற்க வைத்தார்கள். எங்களைப் போன்ற மேனேஜர்களுக்கு அது சிரமமான வேலை. கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது, ஷிஃப்டிங் நினைத்தபடி நடக்காது. இருந்தாலும் சொல்கிறேன், அவர்கள் செய்தது சரி. பொள்ளாச்சியின் பச்சையில் எல்லா ஊரையும் எடுத்ததால் தமிழ்நாட்டின் வறண்ட பாதி பல வருடம் திரைக்கே வராமல் இருந்தது. அதில் எங்கள் வசதிக்கும் பங்கு உண்டு.

சத்தமும் ஒரு காரணமாகத் திரும்பி வந்தது. ‘விருமாண்டி’யில் வசனத்தைப் படப்பிடிப்பிலேயே பதிவு செய்தார்கள்; அதற்காக மதுரைக் கிராமத்தைச் சென்னையில் செட்டாகப் போட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்பு கிராமத்தை ஃப்ளோருக்குள் அடைத்த அதே காரணம்.

பொள்ளாச்சியும் நான் பார்த்தபடி இல்லை. ஆனைமலை 2007இல் புலிகள் காப்பகமானது. டாப்சிலிப் பக்கம் முன்பு போல ரேஞ்சர் ஆபீஸில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு யூனிட்டை இறக்க முடியாது. அது நியாயம்தான், லைட்டும் ஜெனரேட்டரும் சத்தமும் யானை நடக்கிற பாதையில் இருக்கக் கூடாது. விலங்குகள் விஷயத்திலும் 2001 விதிகளுக்குப் பிறகு விலங்குகள் நல வாரியத்தின் சான்று இல்லாமல் சென்சாருக்குப் போக முடியாது என்றானது. மாட்டு வண்டி ஒரு ஓரத்தில் போனால்கூட யாருடைய மாடு, டாக்டர் பார்த்தாரா என்ற காகிதம் வேண்டும். சந்தைக் காட்சிகள் அதனாலேயே குறைந்தன. மீட்டர் கேஜ் பாதை அகலமாக்கப்பட்ட பிறகு அந்தச் சின்ன ரயிலும் போயிற்று. பழைய காலத்து ஸ்டேஷன் வேண்டும் என்றால் எல்லை தாண்டி ஆலமரம் நிற்கிற முதலமடைக்குப் போனார்கள். கோவைச் சாலை நாலு வழியானபோது இருபக்கமும் கூடாரம் போட்டிருந்த புளிய மரங்கள் விழுந்தன. கார் சேஸிங்குக்கு நல்ல ரோடு கிடைத்தது. ஹீரோ சைக்கிளில் வருகிற ஷாட்டுக்கு ரோடு இல்லை. உடுமலைப் பக்கம் எந்தத் திசையில் கேமரா திருப்பினாலும் காற்றாலை. பழைய காலக் கதை என்றால் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும்.

எனக்கு மனம் தாங்காதது தென்னைதான். 2016இல் சுருள் வெள்ளை ஈ தமிழ்நாட்டில் முதலில் தெரிய வந்ததே பொள்ளாச்சிப் பக்கத்தில். ஓலைக்கு அடியில் வெள்ளையாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது கழிக்கிற பிசுபிசுப்பு கீழே இருக்கிற ஓலைகளில் விழுந்து, அதன்மேல் கரும்பூஞ்சை படரும். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பு பச்சையாகத்தான் இருக்கும். கேமரா பக்கத்தில் போனால் ஓலை முழுக்கக் கரி பூசியது போல் இருக்கும். கலர் கரெக்‌ஷனில் பச்சையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள், கூட்டியும் இருக்கிறார்கள். பிறகு வேர் வாடல் நோய் வந்தது. எத்தனையோ படத்தில் பாட்டு எடுத்த தோப்புகளில் மரங்களை வெட்டி அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். தோப்புக்காரருக்கு அது பிழைப்பே போன விஷயம். அவரிடம் போய் லொகேஷன் வாடகை பேச எனக்கு வாய் வரவில்லை.

இதற்கிடையில் ஹைதராபாத்தில் 1996இல் ராமோஜி பிலிம் சிட்டி வந்துவிட்டது. ரயில்வே ஸ்டேஷன், கிராமத் தெரு, ஹோட்டல், சாப்பாடு எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். கூட்டம் வராது, யாரும் செல்போனில் படம் எடுத்து வெளியே விட மாட்டார்கள். கொரோனா காலத்தில் ‘அண்ணாத்த’ போன்ற கிராமத்துக் கதையே பெரும்பாலும் அங்கே எடுக்கப்பட்டது. தயாரிப்பாளரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. கிலோமீட்டர் கல்லே இல்லாத ஊர் அது. ஆனால் அங்கே வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து தண்ணீர் முறை சொல்லும் பெரியவர் இல்லை. வாசலில் எளவு எடுக்காதே என்று சொல்ல ஓர் ஆத்தா இல்லை. இவர்கள் குறுக்கே வந்து பேசியதால் எங்கள் காட்சிகள் மாறியிருக்கின்றன, பெரும்பாலும் நல்லதாகவே.

சமீபத்தில் ஓர் இளம் இயக்குநர் எண்பதுகளில் நடக்கிற கதைக்கு என்னை உடன் அழைத்துப் போனார். செல்போன் டவர், காற்றாலை, தார் ரோடு எதுவும் ஃபிரேமுக்குள் வரக் கூடாது. ஆனைமலை, கோட்டூர், சேத்துமடை என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் கொல்லங்கோட்டில் நெல் வயலுக்குப் பின்னால் நெல்லியாம்பதி மலை செங்குத்தாக நிற்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். எனக்கும் பிடித்தது. வைட் ஷாட்கள் அங்கே, வீடும் தெருவும் பொள்ளாச்சிப் பக்கம், யூனிட் தங்குவது பொள்ளாச்சியிலேயே என்று முடிவானது. அவர் வயலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் டிரைவரிடம் கேட்டேன்: காலையில் பால் வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால் புறப்பட்டால் லாட்ஜிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்? முக்கால் மணி என்றார். நோட்டில் ஒரு மணி என்று எழுதிக்கொண்டேன்.